பலகையில் தட்டாத வாரம்

எனக்கு வாய் நீளம். என் தையல் கடை இருக்கிற தெருவில் யாரைக் கேட்டாலும் இதைச் சொல்வார்கள். என்னிடம் அதிகமாக வாங்கிக் கட்டிக்கொண்டவர் பக்கத்துக் கடை சாவிக்காரர். இன்று நான் உயிரோடு உட்கார்ந்து வக்கணையாகப் பேசுகிறேன் என்றால் அந்த மனுஷன்தான் காரணம். அதனால் அவரைப் பற்றிச் சொல்லப்போகிறேன். நடுவில் என் புராணமும் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒரே ஷட்டருக்குள் எங்கள் இரண்டு கடைகளும். நடுவில் ஒரு பிளைவுட் பலகைதான் சுவர். இந்தப் பக்கம் நான், என் தையல் மெஷின், ஜிப் மாற்றவும் கை சுருக்கவும் வந்த துணிகள். அந்தப் பக்கம் அவரும் அவருடைய சாவி வெட்டும் மெஷினும். சனியன், அது ஓட ஆரம்பித்தால் பல் கூசும். இடுப்பளவு என்ன என்று கேட்டால் பதில் காதில் விழாது. உடனே மரஸ்கேலை எடுத்துப் பலகையில் டம் டம் என்று தட்டுவேன்.

"யோவ் சாவிக்காரரே, காது ஜவ்வு கிழியுதுய்யா!"

"கிழிஞ்சா நீங்கதான் தெச்சுக்குவீங்களே, தாயே!"

இது தினப்படி நடக்கிற கூத்து. எதிர்க் கடைக்காரர்கள் டீ குடிக்கிற நேரத்தை இதற்கு ஏற்ற மாதிரி வைத்திருந்தார்கள்.

அவர் முதலில் பம்பு செய்கிற தொழிற்சாலையில் லேத் ஓட்டினார். அதை இழுத்து மூடியபோது கைக்காசைப் போட்டு இந்த மெஷினை வாங்கினார். மனைவி போய்ச் சேர்ந்துவிட்டார், மகன் வெளியூரில். அவர் மூக்குக்கண்ணாடிக் காம்பில் கட்டியிருக்கும் நூல்கூட என் கடை நூல்தான், திட்டிக்கொண்டே கொடுத்தது. சாவியை உள்ளே வைத்துப் பூட்டிக்கொண்டவர்கள் அவரைத்தான் ஓடிவந்து கூப்பிடுவார்கள். போய்த் திறந்து கொடுப்பார். பூட்டு 'டக்' என்றதும் சட்டென்று திரும்பி, கதவுக்கு முதுகைக் காட்டி நின்றுவிடுவார்.

"உள்ள எப்படிப் போட்டது போட்டபடி கிடக்கோ. நாம எதுக்குப் பார்க்கணும்? வீட்டுக்காரங்க நுழைஞ்சு கூப்பிட்டா திரும்பலாம்" என்பார்.

"ஆமா, பெரிய மகான்" என்று அதையும் நக்கல் அடித்திருக்கிறேன்.

அந்த வருஷம் மழை விட்டதும் ஊரெல்லாம் ஜுரம், இருமல். என்னையும் ஃப்ளூ போட்டுப் பார்த்தது. ஜுரம் விட்டது, மூக்கடைப்பும் நெற்றி வலியும் விடவில்லை. கிளினிக் டாக்டரம்மா மாத்திரை எழுதினார். "சைனஸ்ல சளி கட்டியிருக்கு. தலைவலி கூடினாலோ, வாந்தி வந்தாலோ, நெத்தி வீங்கினாலோ, ஆளே ஒரு மாதிரி ஆனாலோ உடனே வந்துடணும்" என்று படித்துப் படித்துச் சொன்னார். நான் தலையை ஆட்டிவிட்டு, பாக்கி இருந்த பள்ளிச் சீருடைகளை நினைத்துக்கொண்டு கடைக்கு ஓடிவந்துவிட்டேன்.

அதற்குப் பிறகு நடந்தது எனக்கு அரைகுறையாகத்தான் ஞாபகம். மற்றவர்கள் சொன்னதைச் சொல்கிறேன். நான் சாதுவாகிவிட்டேனாம். என் வீட்டுக்காரர் கண்ணாடி ஜாடியைக் கீழே போட்டு உடைத்தார், "பரவால்லைங்க" என்றேனாம். மகள் இருட்டிய பிறகு வீட்டுக்கு வந்தாள், "வந்துட்டியா" என்று மட்டும் கேட்டுவிட்டுப் படுத்தேனாம்.

"அம்மாவுக்கு ஞானம் வந்துடுச்சுப்பா" என்றிருக்கிறாள் மகள்.

"கண்ணு வெக்காதடி. இப்படியே இருக்கட்டும்" என்றிருக்கிறார் இவர்.

அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். என்னோடு குடும்பம் நடத்துகிறவர்களுக்கு வராது வந்த நிம்மதி அது. அதைப் போய் யார் சந்தேகப்படுவார்கள்?

சாவிக்காரருக்கும் முதலில் சந்தோஷம்தான். மெஷினைப் போட்டார், தட்டல் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. சாவியே இல்லாமல் மெஷினை வெறுமனே அலற விட்டுப் பார்த்தார். ம்ஹூம். "என்ன தாயே, கையில சுளுக்கா?" என்று குரல் கொடுத்தார். எழுந்து சுற்றிக்கொண்டு வந்து என் கடையை எட்டிப் பார்த்தார். நான் லேசாகச் சிரித்தபடி தைத்துக்கொண்டிருந்தேன். சட்டையின் கையைக் கொண்டுபோய்க் கழுத்தில் வைத்து ஓட்டிக்கொண்டிருந்தேன். என் நெற்றி ஒரு பக்கம் உப்பியிருந்தது.

வேண்டுமென்றே வம்புக்கு இழுத்தார். "உங்க தையலுக்குக் கோணி ஊசியே தேவலாம்."

மற்ற நாளாக இருந்தால் கத்தரிக்கோல் பறந்திருக்கும். நான், "சரிங்க" என்றேனாம்.

அந்த 'சரிங்க' போதும் அவருக்கு. உடனே என் வீட்டுக்காரருக்குப் போன் போட்டார்.

இவர் எரிந்து விழுந்திருக்கிறார். "அவ இப்பதான் கொஞ்சம் அமைதியா இருக்கா. அது உங்களுக்குப் பொறுக்கலையா?"

"இது அமைதி இல்லைங்க. உள்ள ஆள் இல்லாத வீடு மாதிரி இருக்கு. எத்தனை கதவு தட்டியிருக்கேன், எனக்குத் தெரியாதா? நான் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறேன், நேரா அங்க வந்துடுங்க."

வெட்டிக்கொண்டிருந்த சாவியை மெஷினிலேயே விட்டுவிட்டு, ஷட்டரை இறக்கி, வண்டி பிடித்து என்னை ஏற்றிக்கொண்டு போனார்.

ஸ்கேன் எடுத்தார்கள். ஆபரேஷன் செய்யப்போகிற டாக்டர் என் வீட்டுக்காரரை உட்காரவைத்து நிதானமாகச் சொன்னார். "ஃப்ளூவுக்கு அப்புறம் சைனஸ்ல வேற கிருமி புகுந்திருக்கு. அது நெத்தி எலும்பைத் தாண்டி மூளையோட முன்பக்கம் சீழ் கட்டியிருக்கு. ரொம்ப ரொம்ப அபூர்வமா வர்றது. ஃப்ளூ வந்த எல்லாரும் பயப்பட வேண்டியதில்ல. ஆனா வந்துட்டா தாமதிக்கவே கூடாது. நல்ல நேரத்துல கொண்டு வந்தீங்க."

"பிழைச்சுடுவாளா டாக்டர்?"

"பிழைச்சுடுவாங்கன்னு நம்பறோம். ஆனா அது குணம், கோபமெல்லாம் இருக்கற இடம். பழைய ஆளாவே திரும்பி வருவாங்களான்னு இப்ப சொல்ல முடியாது."

ஒரு வாரமாக நிம்மதி நிம்மதி என்று இருந்த மனுஷன், வராந்தாவில் தரையிலேயே உட்கார்ந்து அழுதாராம். "அவ திட்டாத வீட்டுக்கு நான் எப்படிங்க போவேன்?" என்று சாவிக்காரரின் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாராம்.

சீழை எடுத்தார்கள். வாரக்கணக்கில் நரம்பு வழியாக மருந்து ஏறியது. மண்டையைத் திறந்து மூடிய டாக்டரும், நடுநடுவே என்னைப் புரட்டிப் படுக்கவைத்த நர்ஸ் பெண்களும் நன்றாக இருக்க வேண்டும். சாவிக்காரர் சாயங்காலம் தவறாமல் வருவார். வார்டுக்குள் மட்டும் வரமாட்டார். "அவங்க எப்படிப் படுத்திருக்காங்களோ" என்று வாசலிலேயே விசாரித்துவிட்டுப் போய்விடுவார்.

உயிர் பிழைத்தேன். நடந்தேன், சாப்பிட்டேன், எல்லோரையும் அடையாளம் தெரிந்தது. கோபம் மட்டும் வரவில்லை. மகள் வேண்டுமென்றே ஈரத் துண்டைப் படுக்கையில் போட்டுவிட்டு என் முகத்தையே பார்த்தாள். எடுத்துக் காயப்போட்டேன். திட்ட வேண்டிய இடம் எனக்குத் தெரியாமல் இல்லை. பாபினில் நூல் தீர்ந்த மெஷின் மாதிரி, ஊசி ஏறி இறங்குகிறது, தையல்தான் விழமாட்டேன் என்கிறது. நான் நல்லவளாகிவிட்டேனே என்று வீட்டில் இரண்டு பேரும் பயந்து செத்தார்கள். எனக்கும் உள்ளுக்குள் பயம்தான்.

டாக்டர் அனுமதித்த பிறகு ஒரு நாள் இவர் என்னைக் கடைக்குக் கூட்டிக்கொண்டு வந்து உட்காரவைத்தார். மெஷினைத் தொடக்கூடாது, சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும் என்று பேச்சு. பலகைக்கு அந்தப் பக்கம் 'சர்க், சர்க்' என்று மெல்லிசாகச் சத்தம். சாவிக்காரர் சாவியை அரம் வைத்துக் கையாலேயே ராவிக்கொண்டிருந்தார்.

சாவி வெட்ட வந்த யாரோ ஒருவன் அவரிடம் கத்தினான். "மெஷினை வெச்சுக்கிட்டு எதுக்குய்யா கையால ராவறே? சாயங்காலம் வரைக்கும் இங்கேயே நிக்கணுமா?"

"கோவிச்சுக்காதீங்க தம்பி. பக்கத்துல உடம்புக்கு முடியாதவங்க இருக்காங்க."

"அதுக்கு நான் என்ன பண்றது? வேலை தெரியலைன்னா கடையை மூடிட்டுப் போ!"

வேலை தெரியாதாம். சாவிக்காரருக்கு! அவரைத் திட்டுகிற உரிமையை இவனுக்கு யார் கொடுத்தது? அடிவயிற்றிலிருந்து என்னவோ குபுகுபுவென்று ஏறியது. கை தானாகவே ஸ்கேலைத் தேடி எடுத்தது. டம், டம், டம்!

"யோவ் சாவிக்காரரே! எவன்யா உங்களைக் கையால ராவச் சொன்னது? நான் என்ன செத்தா போயிட்டேன்? போடுங்கய்யா மெஷினை! அங்க நிக்கிற துரைக்குச் சொல்லுங்க, இன்னொரு தரம் வாயைத் திறந்தா அதையும் சேர்த்துத் தெச்சு அனுப்பறேன்!"

வாசலில் நின்ற என் வீட்டுக்காரர் கையிலிருந்த டீயைச் சட்டையில் கொட்டிக்கொண்டார். அந்தப் பக்கம் மெஷின் ஓடவில்லை. அரம் கீழே விழுந்த சத்தம் மட்டும் கேட்டது. பிறகு சாவிக்காரர் மெதுவாக நடந்து வந்து என் கடை வாசலில் நின்றார். என்னைப் பார்க்கவில்லை. பூட்டைத் திறந்துவிட்டு நிற்பாரே, அதே மாதிரி முதுகைக் காட்டி நின்றார். தோள் இரண்டும் குலுங்கிக்கொண்டிருந்தன.

"உள்ள வந்துட்டேன்யா" என்றேன். "திரும்புங்க."