உப்பளத்திலிருந்து முதல் ஆள்

17.7.2022 – ரூ. 2,400
16.7.2023 – ரூ. 2,800
14.7.2024 – ரூ. 3,200

மரக்காணத்திலிருந்து திண்டிவனம் தேர்வு மையத்துக்குப் போன வேனுக்கு வைஜெயந்தி தன் சம்பளத்திலிருந்து கொடுத்த வாடகை இது. அவர் ஓர் அரசு அலுவலகத்தில் உதவியாளர். ஆண்டுதோறும் கல்லூரிக்குப் போய், அரசுப் பணித் தேர்வு எழுத மாணவர்களைச் சேர்ப்பது அவராக எடுத்துக்கொண்ட வேலை. மூன்று வருடமும் வேன் நிறைந்தது. உப்பளத்துப் பிள்ளை ஒருவர்கூட ஏறவில்லை. உப்பளத்தில் வளர்ந்த வைஜெயந்திக்கு அதுதான் குறை.

30.4.2025 விண்ணப்பிக்கக் கடைசி நாள். மாலை ஐந்து மணி வரை. கல்லூரிக் கூடத்தில் சூர்யகலா என்ற உப்பளத்து மூன்றாமாண்டு மாணவி விண்ணப்பத்தைப் போனில் பாதி நிரப்பியிருந்தாள். வானம் கறுத்தது. உப்பளத்துப் பிள்ளைகள் யாரையும் கேட்காமல் எழுந்து ஓடினார்கள். மழைக்கு முன் உப்புக் குவியலைக் கீற்றால் மூடாவிட்டால் அத்தனை உழைப்பும் கரைந்துவிடும்.

வைஜெயந்தி சூர்யகலாவை ஸ்கூட்டியில் ஏற்றிக்கொண்டு அளத்துக்கே போனார். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அவரும் கீற்றுப் போட்டார்.

சூர்யகலாவின் அப்பா இருசப்பன் சிரித்தார். "ஏம்மா, கவர்மென்ட்டுல மழ பெஞ்சா லீவு. இங்க மழ பெஞ்சாதான் வேல. எம்பொண்ணு அங்க வந்து சும்மா குந்தினு இருக்கவா?"

"பேசாம போடுங்கண்ணே. மணி நாலர ஆவுது."

மூடி முடித்துக் கொட்டகைக்குள் வந்து மீதியை நிரப்பினார்கள். கடைசியில் ஓடிபி கேட்டது. பதிவு செய்திருந்தது இருசப்பனின் எண்.

"போன் எங்கப்பா?"

இருசப்பன் இடுப்பைத் தடவினார். "நனையக் கூடாதுன்னு கீத்துக்கு அடியில வெச்சேன்."

"எந்தக் குவியல்ல?"

"அதாம்மா தெரியல."

சூர்யகலா அந்த எண்ணுக்கு அடித்தாள். மூன்றாவது குவியலுக்குள்ளிருந்து சினிமாப் பாட்டு வந்தது. அதற்குள் மழை கொட்டத் தொடங்கிவிட்டது. இப்போது கீற்றைப் பிரித்தால் உப்பு போய்விடும்.

"வாணாம்பா. அடுத்த வருசம் பாத்துக்கலாம்" என்றாள்.

"உப்பு நாளைக்கும் வெளயும், போடி" என்று சொல்லிவிட்டு இருசப்பன் மழையில் இறங்கினார். தானே போட்ட கீற்றைத் தானே பிரித்து எறிந்தார்.

ஐந்து மணிக்குள் விண்ணப்பம் போய்ச் சேர்ந்துவிட்டது. கரைந்த உப்பு நாலு கூடை என்பது இருசப்பன் கணக்கு. இரண்டுதான் என்கிறார் வைஜெயந்தி. இரண்டு கணக்கையும் இங்கே எழுதி வைத்திருக்கிறேன்.

ஜூலையில், உப்பளத்திலிருந்து வேனில் ஏறிய முதல் ஆளாக, சூர்யகலா முன் இருக்கையில் உட்கார்ந்து போனாள். தேர்வில் தேறினாள், சான்றிதழ் சரிபார்ப்புக்கும் போய் வந்தாள். பணி நியமன ஆணை அவள் வீட்டுக்கு வந்த நாள் 11.12.2025, வியாழக்கிழமை.