முந்தானையிலிருந்து நாவல் படித்தவர்

ஆரணிக் கடைவீதியில், பட்டுப்புடவைக் கடை மெத்தையில் இருபத்தாறு வருஷமாக உட்கார்ந்திருக்கும் ஜீவானந்தம் ஒரு புடவையையும் முழுசாகப் பிரித்துப் பார்த்ததில்லை. பிரிக்கத் தேவையே இல்லை என்பது அவர் கட்சி. பெண் வீட்டார் பன்னிரண்டு பேர் வேனில் வந்து இறங்குவார்கள், மோர் குடிப்பார்கள், "முந்தானையக் காட்டுங்க" என்பார்கள். இவர் மடிப்பைத் தட்டி முந்தானையை மட்டும் விரித்துப் போடுவார். அது பிடித்தால் புடவை பிடித்தது, பிடிக்காவிட்டால் அடுத்தது. மீதி நாலரை மீட்டரைப் பற்றி ஒருத்தரும் ஒரு வார்த்தை கேட்டதில்லை. "முந்தானை நல்லா இருந்தா ஒடம்பு தானா நல்லா இருக்கும்" என்பது அவருடைய வேதம். வீட்டுக்கு வெண்டைக்காய் வாங்கினாலும் நுனியை உடைத்துப் பார்த்துவிட்டுத்தான் வாங்குவார்.

இந்த மனுஷனிடம்தான் ஊர் நாவல் பொறுக்கும் வேலையைக் கொடுத்தது. கொடுத்தவர்களைச் சொல்ல வேண்டும்.

தபால் ஆபீஸிலிருந்து ஓய்வு பெற்ற ரேணுகாதேவி, பச்சையப்பனின் அரிசி மில் முன்னறையில் ஒரு வாசகர் வட்டம் ஆரம்பித்தார். மாதம் ஒரு நாவல். ஒரு மாதம் துப்பறிவது, ஒரு மாதம் குடும்பம், ஒரு மாதம் பேய், ஒரு மாதம் ராஜா ராணி, ஒரு மாதம் வேற்றுக்கிரகம். எல்லாம் இந்தப் பத்து வருஷத்துக்குள் வந்ததாக, நன்றாக விற்பதாக, ஆனால் படித்து முடித்ததும் தலையில் அடித்துக்கொள்ள வைக்காததாக இருக்க வேண்டும். அப்படிப்பட்டதை யார் தேடி எடுப்பது? பேய் பிடித்தவர்களுக்குக் குடும்பம் பிடிக்கவில்லை, குடும்பக்காரர்களுக்கு வேற்றுக்கிரகம் ஆகவில்லை. முதல் கூட்டம் சண்டையிலேயே முடிய இருந்தபோது, போளூர் பஸ் கண்டக்டர் அருள்தாஸ் எழுந்தார்.

"நம்ம ஊர்ல ஆயிரம் பொண்ணுக்குக் கல்யாணப் பொடவை எடுத்துக் குடுத்தவரு இங்கதான உக்காந்துகினு இருக்காரு? அவருக்கு ஒரு நாவல் எடுக்கத் தெரியாதா?"

எல்லோரும் கை தட்டினார்கள். ஜீவானந்தமும் தட்டினார். அதுவரை அவர் ஒரு நாவலும் படித்ததில்லை என்பதை யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

வேலூர்ப் புத்தகக் கண்காட்சியில் அவர் நடத்திய கூத்தை அந்தக் கடைக்காரர்கள் இன்னும் மறந்திருக்க மாட்டார்கள். "எடுத்துப் போடுங்க, எடுத்துப் போடுங்க" என்று நூற்று நாற்பது நாவல்களை இறக்க வைத்தார். ஒவ்வொன்றையும் திருப்பி, கடைசி இரண்டு பக்கத்தை மட்டும் படித்தார்.

"இது வேணாம்ங்க, முடிவுல சாயம் போவுது."

"இதுல ஜரிகை ஜாஸ்தி. ராஜா குத்துப்பட்டும் நாலு பக்கம் பேசறான்."

"பேய்க்கதை, கடைசியில எல்லாம் கனவுன்றான். மில்லு பொடவைய கைத்தறின்னு விக்கற ஆளு போல."

"இது வேற்றுக்கிரகமா? கடைசிப் பக்கத்துல ஒருத்தன் இன்னொருத்தனுக்கு டீ போட்டுக் குடுக்கறான். கட்டுங்க இத."

ஆறு நாவல்கள் தேறின. வஞ்சனையில்லாமல் சொல்கிறேன், ஆறும் தங்கம். முடிவை ஒழுங்காக எழுதத் தெரிந்தவர்களுக்கு மீதியும் எழுதத் தெரிந்திருந்தது. அந்த மாதம் வட்டத்தில் அறுபத்தோரு பேர் சேர்ந்தார்கள். ஜீவானந்தம் கழுத்தை நிமிர்த்திக்கொண்டு நடந்தார்.

அப்புறம்தான் வினை வந்தது. கடைப் பழக்கம் விடுமா? புடவைக்குச் சீட்டு ஒட்டுவது போல ஒவ்வொரு நாவலின் அட்டையிலும் தன் கையால் ஒரு சீட்டு எழுதி ஒட்டினார். "துப்பறியும் நாவல். கொன்றது தோட்டக்காரன். கெட்டிச் சாயம்." "குடும்பம். கடைசியில் சேர்ந்துவிடுவார்கள், மாமியார் தவிர." "பேய். கதை சொல்கிறவளே பேய். விசேஷங்களுக்கு ஏற்றது." ஒன்றில் மட்டும், "பயப்பட வேண்டாம், நாய் சாகாது" என்று சிவப்பு மையில் எழுதியிருந்தார்.

அருள்தாஸ் துப்பறியும் நாவலைக் கையில் பிடித்துக்கொண்டு கடைக்கே வந்துவிட்டார்.

"இன்னாண்ணா இது? கொன்னவன் பேர அட்டையிலயே ஒட்டி வெச்சா, நான் முந்நூறு பக்கம் இன்னாத்துக்குப் படிக்கறது?"

"அருளு, முந்தானையக் காட்டாம சரக்க விக்கறது மோசடிப்பா. நாளைக்கு நீயே வந்து ஏமாத்திட்டேன்னு சொல்லுவ."

"நீ ஏமாத்தினாதாண்ணா எனக்கு சந்தோஷம்!"

ஜீவானந்தத்துக்கு அது விளங்கவே இல்லை. முடிவு தெரியாமல் ஒருத்தர் எப்படி ஒரு பொருளை வீட்டுக்கு எடுத்துப் போவார்? சீட்டைக் கிழித்தாலும் வாய் சும்மா இருக்கவில்லை. காய்கறிக் கடையில், சலூனில், கோயில் வரிசையில், கையில் நாவலோடு யாரைப் பார்த்தாலும் நல்ல மனசோடு முடிவைச் சொல்லிவிடுவார். ஆறே மாதத்தில் அறுபத்தொன்று இருபத்து மூன்றாயிற்று.

ஐப்பசியில் மில்காரர் பச்சையப்பன் வாசலில் நின்று சொன்னார். "கோச்சிக்காதீங்க. பொங்கலுக்குள்ள அம்பது பேரு சேரலன்னா, இந்த ரூம்ல தவுட்டு மூட்டை அடுக்கிடுவேங்க. எடம் பத்தல."

அன்றைய கூட்டத்தில் ஒரு குரல் இல்லை, இருபது குரல். ஜீவானந்தத்தை மாற்று. அவர் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கடையில் அவரைப் பார்த்து, "ஏம்ப்பா, அந்தப் பச்சைய எடு" என்பவர்கள்தான் அதிகம். இந்தத் தவிட்டு வாசனை அடிக்கிற அறையில் மட்டும்தான் "ஜீவானந்தம் சார், அடுத்த மாசம் இன்னா நாவல்?" என்று கேட்டார்கள். அது போய்விடும் என்றதும் அவருக்கு அழுகை வந்தது. ஐம்பத்திரண்டு வயதில் அழுவதா என்று மூக்கை மட்டும் துடைத்துக்கொண்டார்.

ரேணுகாதேவி பழுப்புத்தாளில் சுற்றிய ஒரு நாவலை அவர் கையில் கொடுத்தார். "இந்த மாசம் நான் எடுத்திருக்கேன் ஜீவா. பேரு 'உப்புத்தண்ணி லாட்ஜ்'. இத மொதல் பக்கத்துலருந்து படி. போகி அன்னிக்கு வந்து அரை மணி நேரம் இதப்பத்திப் பேசு. பேசிட்டா, வேலை உனக்குத்தான்."

"இவ்ளோதானாக்கா?" என்று வாங்கிக்கொண்டு தெருமுனை திரும்பியதும் கடைசிப் பக்கத்தைப் புரட்டினார். கடைசி நாலு தாள் இல்லை. பிளேடு வைத்து, நூல் பிசிறாமல் வெட்டியிருந்தார்கள்.

வேறு வழியில்லாமல் முதல் பக்கத்தைத் திறந்தார். கடலோரத்தில் ஒரு லாட்ஜ். அங்கே கணக்குப்பிள்ளையாக செண்பகம் என்று ஒருத்தி. முதல் முப்பது பக்கம் ஜீவானந்தம் எழுத்தாளரைத் திட்டிக்கொண்டே படித்தார். நாற்பதாம் பக்கத்தில் ஒரு விருந்தாளி சாவியோடு காணாமல் போனான். நூறாம் பக்கத்தில் மனைவி ஆதிலட்சுமி மூன்று முறை கூப்பிட்டும் சாப்பிட வரவில்லை. நூற்றுப் பதினேழில், மாடிக் குழாயில் தண்ணீர் வராததற்குச் செண்பகம் ஏழு பேரிடம் ஏழு காரணம் சொல்கிற இடத்தில், கடை மெத்தையில் உருண்டு சிரித்தார். புடவை எடுக்க வந்திருந்த மாப்பிள்ளை வீட்டார் கோபித்துக்கொண்டு எழுந்து போனார்கள். முந்நூற்று நாலாம் பக்கம் இப்படி முடிந்தது: "செண்பகம் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் படியில் ஒரு காலை வைத்தாள். அப்போது பின்னாலிருந்து"

அவ்வளவுதான். அதற்கப்புறம் அட்டை.

இன்னொரு பிரதி வாங்கிவிடலாமே என்பீர்கள். திண்டிவனத்துப் பதிப்பாளர் தை மாதம்தான் மறுபதிப்பு என்றார். ஊரில் இருந்த பன்னிரண்டு பிரதிகளும் வட்டத்துக்குள்ளேயே சுற்றின. வாங்குகிற ஒவ்வொருவரும் ஜீவானந்தத்திடம் மூச்சு விட மாட்டேன் என்று கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்துவிட்டுத்தான் வாங்கினார்.

முதலில் அருள்தாஸைப் பஸ் ஸ்டாண்டில் பிடித்தார். "அருளு, ஏறினாளா இல்லியா?"

"யாருண்ணா?"

"செண்பகம்பா!"

"டிக்கெட் வாங்கினாதான் எனக்குத் தெரியும்ணா. போலாம் ரைட்!"

அப்புறம் கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் புலம்ப ஆரம்பித்தார். "பாருங்கம்மா, ஒரு காலு படியில. சாவி அவ ஜாக்கெட்டுக்குள்ள. பின்னால யாரோ வர்றாங்க. யாரா இருக்கும்?" கேட்டவர்களுக்கும் தலை வெடித்தது. யாரா இருக்கும் என்று தெரிந்துகொள்ள மில்லுக்குப் போனார்கள், வட்டத்தில் சேர்ந்தார்கள், சத்தியம் செய்தார்கள், படித்தார்கள். மறுபடி கடைக்கு வந்து அவர் முகத்தைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனார்கள். பெரணமல்லூரிலிருந்து கல்யாணப் புடவை எடுக்க வந்த ஒரு குடும்பம் புடவையே எடுக்காமல் ஒன்பது பேரும் உறுப்பினராகிவிட்டுத் திரும்பியது. சலூன்காரர், "அந்த எடம் வந்தப்போ எனக்கு கை நடுங்கிச்சு சார்" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கத்தியைத் தீட்டினார்.

எல்லாவற்றையும் விட மோசம் வீடு. மார்கழியில் ஒருநாள் காலையில், ஆதிலட்சுமி அடுப்படியில் நின்று கண்ணைத் துடைப்பதைப் பார்த்தார். வெங்காயம் இல்லை. பக்கத்தில் வட்டத்திலிருந்து வாங்கிவந்த 'உப்புத்தண்ணி லாட்ஜ்', தாள் குறையாத பிரதி.

"லட்சுமி, நீயுமா?"

"ஆமாங்க."

"ஏறிட்டாளா?"

"இட்லி ஆறுது, சாப்டுங்க."

"இருபத்தெட்டு வருஷம் குடும்பம் நடத்தியிருக்கோம்டி!"

"அதனாலதாங்க சொல்லல. எனக்கு எத்தினி படத்தோட முடிவ இடைவேளையிலயே சொல்லிக் கெடுத்திருக்கீங்க?"

ஜீவானந்தம் இட்லியைப் பார்த்தார். எவ்வளவு நாள் எவ்வளவு பேர் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொண்டோம் என்று முதல் முறையாக அப்போதுதான் உறைத்தது, நன்றாகவே சுட்டது.

போகி அன்று காலை பதினோரு மணிக்கு மில் அறையில் நிற்க இடமில்லை. வெளியே தவிட்டு மூட்டைகள் மேலேயும் ஆட்கள். ஜீவானந்தம் எழுந்து பேசினார். அரை மணி கேட்டார்கள். ஒண்ணேகால் மணி நேரம் பேசினார். குழாயைப் பற்றிப் பேசினார், சாவியைப் பற்றிப் பேசினார், யாரும் கவனிக்காத லாட்ஜ் பூனையைப் பற்றிப் பத்து நிமிஷம் பேசினார். ஒரு நாவலின் நடுவில் இவ்வளவு ஜனங்கள் குடியிருப்பார்கள் என்று தனக்கு இதுநாள் வரை தெரியாது என்று சொல்லி உட்கார்ந்தார்.

"எழுவத்தி நாலு பேரு ஆயிட்டாங்க" என்றார் பச்சையப்பன், மூட்டை மேலிருந்து. "தவுட்ட வேற எடத்துல போட்டுக்கறேன். அடுத்த நாவல் எப்போ சார்?"

சார் என்ற சொல் காதில் விழுந்தது. ஆனால் ஜீவானந்தத்துக்கு இப்போது அது பெரிதாகப் படவில்லை. "அக்கா, அந்த நாலு தாளு" என்று ரேணுகாதேவியிடம் கையை நீட்டினார்.

"உன்கிட்டதான் இருக்குது ஜீவா, ரெண்டு மாசமா. கார்த்திகையில பொடவை பாக்க வந்தேனே, நீ டீ சொல்லப் போனியே, அப்போ வெச்சேன். தெனமும் எல்லாருக்கும் மொதல்ல ஒரு மயில்கழுத்துப் பொடவைய எடுத்துப் போடுவியே, அதுல."

"அத தெனம் பத்து வாட்டி விரிக்கறேனேக்கா!"

"முந்தானைய."

ஜீவானந்தம் ஓடினார். கடைவீதியில் செருப்பு ஒன்று கழன்றது, திரும்பி எடுக்கவில்லை. விற்காத அந்த மயில்கழுத்துப் புடவையை இழுத்து, வாழ்க்கையில் முதல் தடவையாக மறுமுனையைத் தேடினார். இடுப்பில் செருகுகிற முனை. ஜரிகையில்லாத, யாரும் பார்க்காத இடம். மடிப்பைப் பிரித்ததும் நாலு தாள் மெத்தையில் விழுந்தன. "வெயிட்டப் பாருங்கம்மா, ஒரிஜினல் ஜரிகை" என்று அந்தப் புடவையைக் காட்டி இரண்டு மாதமாக அவர் பேசிய பேச்சு ஞாபகம் வந்தது.

அங்கேயே நின்று படித்தார். ஒரு காலில் செருப்போடு, ஒரு காலில் இல்லாமல். செண்பகம் பஸ்ஸில் ஏறினாளா, பின்னால் வந்தது யார் என்பதெல்லாம் எனக்கும் தெரியும். நானும் கற்பூரம் அணைத்திருக்கிறேன். அவர் படித்து முடித்து, தாள்களை ஒழுங்காக அடுக்கி, சட்டைப்பையில் வைத்துக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதார் என்பதை மட்டும் சொல்லலாம்.

அப்போது பொங்கலுக்குப் புடவை எடுக்க ஒரு அம்மா உள்ளே வந்தார். மெத்தையில் கிடந்த மயில்கழுத்தைப் பார்த்து உட்கார்ந்தார்.

"நல்லாருக்கே. முந்தானையக் காட்டுங்க."

ஜீவானந்தம் கண்ணைத் துடைத்துக்கொண்டு செருகு முனையை எடுத்து அந்த அம்மாவின் மடியில் போட்டார்.

"கொஞ்சம் பொறுங்கம்மா. மொதல்லருந்து வர்றேன்."