திரையில் சரி, தாளில் பிழை

எண்பதுகளின் கடைசியில் மலேசியாவின் ஈப்போவில் ஒரு தமிழ் அச்சகத்தில் வேலை பார்த்தேன். நாங்கள் வேலை பார்த்த ரப்பர் தோட்டத்தை வீடு கட்டுகிறவர்களுக்கு விற்றுவிட்டார்கள். குடும்பத்தோடு டவுனுக்கு வந்திருந்தோம். கம்ப்யூட்டர் வகுப்பு ஒன்றை முடித்திருந்ததால் எனக்கு அந்த வேலை கிடைத்தது. முதலாளி ஒரு தமிழ் முஸ்லிம், கோபத்தில்கூட மெதுவாகப் பேசுகிறவர். அவருக்காக யாரோ தமிழில் தட்டெழுதும் புரோகிராம் ஒன்றை எழுதி, அரைகுறையாக விட்டுவிட்டு சிங்கப்பூருக்குப் போய்விட்டார். அதை ஒழுங்காக ஓட வைக்க வேண்டும். அவ்வளவுதான் என் வேலை.

அதில் தட்டெழுதியவர் ஒரே ஆள், ஈய எழுத்துக் கோர்த்துப் பழகிய ஓர் அக்கா. தவறாக அடித்தால் முன்பிருந்தபடி ஆக்குவதற்கு 'அன்டூ' என்று ஒரு விசை இருந்தது. அக்காவுக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது.

"ஈயத்துல தப்பு வந்தா ஒவ்வொண்ணா புடுங்கணும் தம்பி. இது ஒரு தட்டுதான்லா" என்பார்.

கோளாறே அந்த விசையில்தான். 'கொ' நம் கண்ணுக்கு ஓர் எழுத்து. கம்ப்யூட்டர் அதைக் கொம்பு, க, கால் என்று மூன்று துண்டாக வைத்திருந்தது. அன்டூ அழுத்தினால் திரை ஒன்று என்று எண்ணும், உள்ளே மூன்று என்று எண்ணும். கணக்கு தவறிப்போய், பக்கத்தில் இருப்பதைத் தின்றுவிடும். திரையைப் பார்த்தால் எல்லாம் சரியாகவே இருக்கும். அச்சான தாளில்தான் ஓர் எழுத்தோ ஒரு வரியோ காணாமல் போயிருக்கும்.

இதைக் கண்டுபிடிக்கவே எனக்கு மாதக்கணக்கில் ஆனது. 'கொ'வைச் சரிசெய்தால் 'கௌ' கெட்டது. அதைச் சரிசெய்தால் வரி மடங்கும் இடத்தில் கெட்டது. எழுதியவர் எங்கேயும் ஒரு வார்த்தை விளக்கம் வைக்கவில்லை. காலையில் கம்ப்யூட்டரைத் திறக்கவே கை வராது. எனக்கு இந்த வேலைக்கான மூளை இல்லை என்று நம்ப ஆரம்பித்திருந்தேன்.

அப்போதுதான் பக்கத்து ஊரான சிம்பாங் பூலாயிலிருந்து ஒரு கருமக்கிரியைப் பத்திரிகை அச்சடிக்க வந்தது. இறந்தவர் ஓர் அம்மா. அக்கா தட்டெழுதி, நடுவில் அன்டூ அழுத்தி, திரையில் முழுதும் படித்துப் பார்த்தார். அவசரம் என்பதால் முதலாளி அப்படியே மெஷினில் ஏற்றிவிட்டார்.

வாங்க வந்தது மூத்த மகள். பத்திரிகைக் கட்டிலிருந்து ஒன்றை உருவிப் படித்தாள்.

"இது என் பேரு" என்றாள். "அம்மா பேரு எங்க அண்ணே?"

அம்மாவின் பெயர் இருந்த வரியே இல்லை. அடுத்த வரி மேலே ஏறி, இறந்தவர் இடத்தில் மகள் பெயர் நின்றது. அக்கா எழுந்துபோய் பழைய ஈய எழுத்துகளை எடுத்துக் கோர்க்க ஆரம்பித்தார். அது முடியும்வரை அந்தப் பெண் நாற்காலியில் குனிந்தபடி உட்கார்ந்திருந்தாள்.

அவள் போனதும் முதலாளி அக்காவைக் கேட்டார். "ஒருவாட்டி ஒழுங்கா படிக்கக் கூடாதா?"

"அக்கா மேல தப்பில்லண்ணே. புரோகிராம்லதான் பிழை" என்றேன்.

"அப்ப இவ்ளோ நாளா நீ என்னத்த சரி பண்ணிக்கிட்டு இருக்க?"



அந்த மாதத்தோடு அக்கா நின்றுவிட்டார். முதலாளி போகச் சொல்லவில்லை. "இனிமே கண்ணால பாக்குறத நம்ப முடியல தம்பி" என்று மட்டும் அக்கா சொன்னார்.

பிறகு நான் அன்டூ பகுதி முழுவதையும் அழித்துவிட்டுப் புதிதாக எழுதினேன். ஒரு மழை மத்தியானம் அது சரியாக ஓடியது. எதை அடித்து எப்படித் திருப்பினாலும் திரையும் தாளும் ஒன்றாக இருந்தன. முதலாளியைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"கோலாலம்பூர்ல ரெடியா ஒண்ணு விக்கிறாங்களாம். சொல்லி வச்சிட்டேன். இத விட்டுரு தம்பி" என்றார்.

புதியது வந்தது. அதில் அன்டூ விசையே இல்லை. நானே உட்கார்ந்து அதில் திருமணப் பத்திரிகைகள் அடித்தேன்.

அடுத்த வருஷம் ஈப்போ பஸ் நிலையத்தில் அக்காவைப் பார்த்தேன். சிம்பாங் பூலாயில் ஒரு கையுறை ஃபேக்டரியில் இருப்பதாகச் சொன்னார். எழுத்து வேலைக்குத் திரும்புவீர்களா என்று கேட்டேன். இல்லை என்று தலையாட்டினார்.

"அந்த அன்டூவ சரி பண்ணிட்டேன்க்கா."

"அப்படியா" என்றார். அவர் கண் சிம்பாங் பூலாய் பஸ் வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தது.