செல்வம் இழுத்த ஃபைபர்

ஜிப்சம் பலகைச் சுவரைத் துளைத்தால் ஒரு வெள்ளைத் தூசி பறக்கும். தொண்டையில் ஒட்டிக்கொண்டால் எவ்வளவு தண்ணீர் குடித்தாலும் போகாது...

ஆக்லாந்தில் வீடு வீடாக ஃபைபர் இழுத்துக்கொண்டிருந்த காலம். கேபிள் ஏற்றிய வான் வண்டியில் நானும் செல்வமும். நான் யாழ்ப்பாணம், அவன் மதுரை. எனக்கு இங்கேயே தங்க ரெசிடென்சி இருந்தது. அவனுக்கு இருந்தது முதலாளி அண்ணை தந்த வேலையோடு கட்டிய விசா. அண்ணையும் எங்கள் ஆள்தான். கோயிலில் கண்டால் தோளில் கை போடுவார்.

பழைய கேபிளுக்குள் இருப்பது மெல்லிய கண்ணாடி இழை. மூலையில் இறுக்கி மடக்கினால் வெளிச்சம் கசிந்துவிடும், இன்டர்நெட் படுத்துவிடும். எங்கோ ஒரு ஆய்வுக்கூடத்தில் அதற்கும் வழி கண்டிருந்தார்கள். எப்படி மடக்கினாலும் வெளிச்சத்தை உள்ளேயே பிடித்து வைக்கும் ஃபைபர். அது எங்கள் ஸ்டோருக்கும் வந்துவிட்டது.

"முதல்ல பழைய ரோல் முடியட்டும்," என்றார் அண்ணை.

கிளென் ஈடனில் ஒரு தமிழ் வீடு. கேபிள் நுழைய வேண்டிய சுவரில் சாமிப் படங்கள் வைத்த தட்டு.

"தம்பி, அந்தச் சுவரில மட்டும் ஓட்டை போடாதேங்கோ," என்றார் அந்த வீட்டு அக்கா.

வேறு வீடு என்றால் முடியாது என்றிருப்போம். பூட்ஸை வாசலில் கழற்றிவிட்டு, அவர் தந்த தேத்தண்ணியையும் குடித்துவிட்டு எப்படிச் சொல்வது?

செல்வம் அண்ணைக்கு போன் போட்டான். "கதவைச் சுத்தி மூலை மூலையா திரும்பணும்ணே. புது கேபிள் குடுங்க."

"இருக்கிறதை வச்சுச் செய்."

செய்தான். மூலைகளில் இறுக்காமல், பெரிய வளைவாக விட்டு, பொறுமையாக கிளிப் அடித்தான். நன்றாகவே வேலை செய்தது. பிறகு அந்த வீட்டில் யாரோ அலமாரியை வளைவோடு ஒட்டித் தள்ளிவிட்டார்கள்... வளைவு நசுங்கி லைன் போனது, புகார் வந்தது.

எங்களுக்கு ஒப்பந்தம் தந்த பெரிய கம்பனி விசாரித்தபோது அண்ணை சொன்னது ஒன்றுதான். "அவனுக்கு வேலை தெரியாது."

நான் போய்க் கேட்டேன். "நீ உன்ர அலுவலைப் பார்," என்றார். செல்வத்தின் வேலை போனது, விசாவும் போனது.

விமான நிலையத்தில் அவன் அழவில்லை. "ஊர்ல கேட்டா என்னண்ணே சொல்றது? வேலை தெரியாதுன்னு அனுப்பிட்டாங்கன்னா?"

அவன் பெட்டியைத் தூக்கித் தராசில் வைத்தேன்.

இப்போது எல்லாம் புது கேபிள்தான். கதவு நிலையோடு ஒட்டி, மூலையில் மடக்கி, அரை நாள் வேலையை ஒரு மணி நேரத்தில் முடித்துவிடுகிறோம். அந்த வசதியை நினைத்துச் சந்தோஷப்பட எனக்கு மனம் வருவதில்லை.

போன மாதம் ஹில்ஸ்பரோவில் ஒரு பிறந்தநாள் விருந்து. அண்ணை பிளேட்டோடு நின்று நாலு பேருக்குப் பழைய கதை சொல்லிக்கொண்டிருந்தார். "அப்ப நாங்கள் பட்ட பாடு... இப்ப வேலை தெரியாத பொடியனும் ஃபைபர் போடுவான்."

எல்லோரும் சிரித்தார்கள்.

"செல்வத்துக்கு வேலை தெரியும் அண்ணை," என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். கொஞ்சம் யோசித்தார்.

"ஆர் செல்வம்?"

நடிக்கவில்லை. உண்மையாகவே மறந்துவிட்டார்.