குவாரிக்காரர் தலைவரான பிறகு

குவாரி, மணல், சதுப்பு நிலம் என்று வரும் விண்ணப்பங்களைப் பார்த்து, அனுமதி கொடுக்கலாமா என்று சொல்லும் அரசுக் குழு ஒன்றில் நான் உறுப்பினராக இருந்தேன். கல்லூரியில் தாவரவியல் கற்பிப்பவள் என்பதால் சேர்த்திருந்தார்கள். பழைய தலைவர் ஓய்வு பெற்றதும், அந்த இடத்துக்குக் கட்சிப் பிரமுகர் ஒருவரைப் போட்டார்கள். அவர் குடும்பமே குவாரித் தொழிலில் இருந்தது.

டிவியில் செய்தி வந்தபோது எங்கள் ஸ்ரீவராகம் வீட்டில் இரவுச் சாப்பாடு நடந்துகொண்டிருந்தது. என் கணவர் ரிமோட்டை எடுத்து சத்தத்தைக் குறைத்தார்.

"விடு. யாரைப் போட்டா நமக்கென்ன? நீ பாட்டுக்கு மீட்டிங் போயிட்டு வா."

"அவா குவாரிக்கு அவரே அனுமதி கொடுப்பார். நான் பக்கத்துல உக்காந்து டீ குடிக்கணுமா? நீங்களே சொல்லுங்கோ."

"நான் செக்ரட்டேரியட்ல வேலை பாக்கறவன். அதையும் கொஞ்சம் நெனைச்சுக்கோ."

நினைக்காமல் இல்லை. ஆனாலும் மறுநாள் குழுவின் இன்னொரு உறுப்பினரான ஓய்வுபெற்ற விலங்கியல் பேராசிரியர், நியமனத்தை எதிர்க்கலாம் என்று கூப்பிட்டபோது, வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். தமிழ்நாட்டு எல்லையோரம், பாறசாலைப் பக்கத்துக்காரர். எங்களுக்குள் தமிழ்தான், கோபம் வந்தால் மட்டும் அவர் மலையாளத்துக்குப் போய்விடுவார்.

இருவரும் அமைச்சரிடம் மனுக் கொடுத்தோம். அவர் அதைப் பிரிக்காமலே மேஜையில் வைத்து, "நோக்காம், டீச்சரே" என்றார், பார்க்கலாம் என்று. பிறகு செக்ரட்டேரியட் வாசலில் அட்டை பிடித்து நின்றோம். மழை. என் மாணவிகள் சிலர் வந்திருந்தார்கள். அட்டையில் எழுதியிருந்தது கரைந்து ஓடியது. அன்று மாலை ஒரு சானலில், எங்களை வளர்ச்சிக்கு எதிரானவர்கள் என்றார்கள். அதன் பிறகு அலுவலகத்தில் தன்னோடு யாரும் சாப்பிட வருவதில்லை என்று என் கணவர் சொன்னார். குற்றம் சாட்டவில்லை. சொன்னார், அவ்வளவுதான். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

நியமனம் மாறவில்லை. தம்பானூரில் ஒரு டீக்கடையில் வைத்து, ராஜினாமா செய்யப்போவதாகப் பேராசிரியரிடம் சொன்னேன்.

"ரெண்டு பேரும் போனா அவனுக்கு சுகமாச்சு," என்றார் அவர். "நான் உள்ள இருக்கேன். எதிர்த்து எழுதவாவது ஒரு ஆள் வேணுமில்லா?"

"அங்கே உக்காந்தா, அவரைத் தலைவர்னு நானும் ஒத்துண்டதா ஆயிடும், சார்."

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நான் விலகினேன். அவர் இருந்தார்.

மழைக்காலம் முடிந்ததும், தெற்கு எல்லையோரத்தில் ஒரு குவாரியைப் பெரிதாக்கும் விண்ணப்பம் குழுவுக்கு வந்தது. ஆய்வுக்காக முன்பு நாங்கள் போயிருந்த ஊர்தான். கூட்டம் முடிந்த அன்றே பேராசிரியர் போன் செய்தார்.

"பாஸ் ஆயிட்டு, டீச்சர். எதிர்த்து எழுதினது நான் மட்டுந்தான்."

"நான் இருந்திருந்தா..."

"இருந்தாலும் தோத்திருப்போம்," என்றார். அவர் குரலிலும் உறுதி இல்லை.

ஊர்க்காரர்களிடம் நேரில் சொல்லவேண்டும் என்று அந்த ஞாயிற்றுக்கிழமை இருவரும் பஸ் ஏறினோம். குவாரிக்கு அடுத்த வீட்டு அம்மா, ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவர், சர்ச்சிலிருந்து அப்போதுதான் திரும்பியிருந்தார். வெடி அதிர்வில் வீட்டுச் சுவர் மேலிருந்து கீழ்வரை விரிசல் விட்டிருந்தது. பேராசிரியர் விஷயத்தைச் சொன்னார். அந்த அம்மா என்னைத்தான் பார்த்தார்.

"நீங்க அந்தக் கமிட்டியில இல்லியா இப்போ?"

"இல்லம்மா. அவரைப் போட்டது பிடிக்காம விலகிட்டேன்."

"நீங்க விலகிட்டிய. நாங்க எங்க விலகதுக்கு?"

கோபமாகச் சொல்லியிருந்தால் ஏதாவது பதில் சொல்லியிருப்பேன். சந்தேகம் கேட்பதுபோலக் கேட்டார். கோர்ட்டுக்குப் போகலாம், வக்கீலைப் பார்த்திருக்கிறோம் என்று பேராசிரியர் விளக்க ஆரம்பித்தார்.

"கேஸ் தீரும்போ இந்தப் பாறை மிச்சம் இருக்குமா, சாரே?"

அதற்குள் குவாரிப் பக்கம், வெடிக்கு முன் எச்சரிக்கும் சைரன் ஊதியது. ஞாயிற்றுக்கிழமையும் வெடி வைக்கிறார்கள். அந்த அம்மா பேச்சை நிறுத்தி, அலமாரியிலிருந்த கண்ணாடி டம்ளர்களை ஒவ்வொன்றாக எடுத்துத் தரையில் வைத்தார். நானும் உட்கார்ந்து கைகொடுத்தேன்.