மாமாவின் ஏர்பிரஷும் நான் போட்ட பட்டையும்

எங்கள் எஸ்டேட்டில் மாமா முதன்முதலில் நெருப்பு வைத்தது எங்கள் வீட்டு கேஸ் தோங்குக்குத்தான், அதாவது சிலிண்டருக்கு. பதற வேண்டாம், வரைந்த நெருப்பு. அடியில் நீலம், நடுவில் மஞ்சள், நுனியில் சிவப்பு என்று தோங்கைச் சுற்றித் தீ எழும்பி நின்றது. காலையில் எழுந்து வந்த அம்மா வாயடைத்துப் போனாள். வாய் திறந்தபோது பக்கத்து லயத்து வீடுகள் வரைக்கும் கேட்டது. "கேஸ் தோங்குல போயி எவனாச்சும் நெருப்பு வரைவானாடா?" மாற்றுத் தோங் கொண்டுவந்தவர் அதைத் தொடவே யோசித்து, முதலாளிக்குப் போன் போட்டுக் கேட்டுவிட்டுத்தான் லோரியில் ஏற்றினார்.

மாமா அம்மாவின் ஒரே தம்பி. செண்டாயானில் ஒரு தொழிற்சாலையில் இரண்டு வருஷம் பெட்டிகளுக்கு மூடி போட்டவர். உள்ளே என்ன இருக்கிறதென்று ஒருநாள்கூடப் பார்க்க விடவில்லை என்பது அவருடைய பெரிய குறை. ஒருநாள் வேலையை விட்டுவிட்டு, லிங்கிப் பக்கத்துச் செம்பனைத் தோட்டத்தில் இருந்த எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தார். கையில் ஒரு துணிப்பை, ஒரு சின்ன கம்ப்ரஸர், வெல்வெட் பெட்டிக்குள் ஒரு ஏர்பிரஷ். எனக்கு அப்போது பத்து வயது. அந்தப் பெட்டியைத் திறந்து காட்டியபோது, கல்யாண நகை பார்க்கிற மாதிரி நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன்.

பேனாவைவிடக் கொஞ்சம் பருமனாக இருக்கும். தலையில் பெயிண்ட் ஊற்ற ஒரு குட்டிக் கிண்ணம், மேலே ஒரு விசை. விசையை அழுத்தினால் காற்று வரும். அழுத்தியபடியே பின்னால் இழுத்தால் பெயிண்ட் வரும். இரண்டையும் ஒரே விரல் செய்யவேண்டும், அதில்தான் மாமாவின் உயிர் போயிற்று. கைப்பேசியில் யார் யாரோ செய்து காட்டும் வீடியோவைப் பார்த்துக்கொண்டு, பழைய பேப்பரில் புள்ளி, கோடு, மறுபடி புள்ளி, மறுபடி கோடு. பெயிண்ட் அதிகம் நீர்த்துப்போனால் புள்ளிக்குச் சிலந்திக் கால் முளைக்கும். கெட்டியாக இருந்தால் நுனியில் இருக்கும் ஊசி அடைத்துக்கொண்டு துப்பும். மழை நாளில் காற்றுக் குழாய்க்குள் தண்ணீர் கோத்துக்கொண்டு வேறு துப்பியது. கம்ப்ரஸர் சரியில்லை என்று மாமா சொல்ல, "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்" என்று அம்மா அடுப்படியிலிருந்தே ஒரு போடு போட்டாள். உண்மையில் மாமா சொன்னதுதான் சரி, தண்ணீரைப் பிடிக்கும் வடிகட்டி ஒன்று வாங்கி மாட்டியதும் துப்பல் நின்றது. அம்மா அதை ஒப்புக்கொண்டதாக எனக்கு நினைவில்லை.

பேப்பர் தீர்ந்ததும் வீட்டுச் சாமான்கள் மாட்டின. தண்ணீர் வாளியில் கழுகு. அரிசி டின்னில் புலி, அது பூனையாகிவிட்டது. என் சைக்கிளில் மின்னல், அது மட்டும் அபாரம். நான் லயத்தைச் சுற்றி நாலு ரவுண்டு கூடுதலாக ஓட்டினேன்.

அப்பாவுக்கு இதெல்லாம் பிடிக்கவில்லை. அப்பா எஸ்டேட் லோரி ஓட்டுநர், பேச்சைக் கஞ்சத்தனமாகச் செலவழிப்பவர். மாமா கேட்டது ஒன்றே ஒன்று: வீட்டு முன்னால் கார் நிறுத்தும் போர்ச்சை விட்டுக்கொடுத்தால், அங்கேயே கார், மோட்டார் சைக்கிள் டச்-அப் வேலையை எடுத்துச் செய்யலாம். அப்பா ஒரு வாரம் யோசித்தார். பிறகு தன் நீலக் காரின் பின்கதவைக் காட்டினார். செம்பனை மட்டையின் முள் கிழித்து, ஒரு முழ நீளத்துக்கு வெள்ளைக் கோடு. அப்பா ரிவர்ஸ் எடுத்தபோது மட்டைதான் வந்து இடித்தது என்பது அப்பாவின் வாக்குமூலம்.

"சனிக்கெழம சாயங்காலம் நான் வேல விட்டு வர்றப்ப இந்தக் கோடு கண்ணுல படக்கூடாது மாப்ள. படலன்னா போர்ச் ஒனக்கு. பட்டுச்சுன்னா திங்கக்கெழம ஃபேக்டரி பஸ்ல ஏறிடணும்."

"சரி மச்சான்" என்றார் மாமா.

சனிக்கிழமை அம்மா ஆயாக் கொட்டகையில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளப் போய்விட்டாள். மாமா மூக்கில் முகமூடி போட்டுக்கொண்டு ஆரம்பித்தார். தண்ணீர் விட்டு விட்டு உப்புத்தாளால் கோட்டைத் தேய்த்தார். சுற்றிலும் டேப் ஒட்டி, பேப்பர் போர்த்தி, சாம்பல் நிற அடிப்பூச்சு அடித்தார். தெமியாங்கில் ஒரு கடையில் காரின் கலர் நம்பரைச் சொல்லிக் கலந்து வாங்கிய நீலம் தயாராக இருந்தது. ஆனால் அப்பாவின் கார் பன்னிரண்டு வருஷ வெயில் தின்ற கார். கடை நீலம் அதன் பக்கத்தில் மாப்பிள்ளை மாதிரி மினுமினுத்தது. மாமா ஒரு சொட்டு வெள்ளை விட்டார், அட்டையில் அடித்துப் பார்த்தார், வெயிலில் காட்டினார், இன்னொரு சொட்டு விட்டார். ஏழாவது அட்டையில்தான் கதவும் அட்டையும் ஒன்றாயின. புழுதி கிளம்பாமல் இருக்க போர்ச் தரை முழுக்கத் தண்ணீர் தெளித்துவிட்டு, மெல்லிசாக நீலம், காயவிட்டு மறுபடி மெல்லிசாக நீலம், கடைசியில் பளபளக்கும் பூச்சு.

கோட்டைக் காணோம். எனக்குக் கத்த வேண்டும்போல் இருந்தது, மாமா முகமூடியோடு தலையாட்டிச் சிரித்தார். குளித்துவிட்டு வருவதாகச் சொல்லி என்னைக் காவலுக்கு வைத்தார். "யாரையும் கிட்ட விடாத. கோழி, பூனை, பக்கத்து வீட்டுப் பசங்க, யாரா இருந்தாலும் சரி."

நான் அத்தனை பேரையும் விரட்டினேன், என்னைத் தவிர. தனியாக நிற்க நிற்க ஒரு பயம் பிடித்துக்கொண்டது. எங்கள் தோட்டத்தில் மோட்டார் வாங்கினாலும் லோரி வாங்கினாலும் முதலில் முனியாண்டி கோயிலுக்குத்தான் போகும். சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம், முகப்பில் திருநீறு, குங்குமம். அதற்கப்புறம்தான் ரோடு. மாமாவோ இத்தனை பெரிய வேலையைச் சாமிக்கு ஒரு வார்த்தை சொல்லாமல் செய்திருக்கிறார். இது எப்படி உருப்படும்? மாமா திங்கட்கிழமை பஸ்ஸில் ஏறிப் போய்விடுவாரே என்று நினைத்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது.

ஓடினேன். சாமி மேடையிலிருந்த திருநீற்றைத் தண்ணீரில் குழைத்தேன். மாமா அடித்துவைத்த நீலத்தின் நட்டநடுவில் மூன்று விரலால் ஒரு பட்டை, நடுவில் குங்குமப் பொட்டு. விரலை எடுத்தபோது கதவு லேசாகப் பிடித்து இழுத்தது. ஈரம் போலிருக்கிறது என்று நினைத்தேன், அவ்வளவுதான்.

தலை துவட்டிக்கொண்டே வந்த மாமா அப்படியே நின்றார். துண்டு கையிலிருந்து நழுவித் தரையில் விழுந்தது. அதை எடுக்கவில்லை.

"யாரு போட்டா?"

"நான்தான் மாமா. சாமி கும்பிடாம செஞ்சா அப்பா ஒத்துக்கமாட்டாரு. இப்ப ஒத்துக்குவாரு."

மாமா கதவைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். சுவர்க் கடிகாரத்தை எட்டிப் பார்த்தார், மணி பன்னிரண்டு. பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார், நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன். ஏர்பிரஷில் கருநீலம் ஊற்றி, பட்டையின் ஓரத்தில் மூச்சு விடாமல் ஒரு நிழல் அடித்தார். பட்டை கதவைவிட்டு எழும்பி நிற்பதுபோல் ஆனது. மேலே மறுபடி பளபளக்கும் பூச்சு. என் விரல் பட்டை கண்ணாடிக்குள் வைத்த மாதிரி உள்ளே நின்றது. முதல் கோடு நேர், இரண்டாவது பரவாயில்லை, மூன்றாவது இறங்கிப் போய்க் கிடந்தது.

ஐந்து மணிக்கு அப்பா வந்தார். கதவுப் பக்கம் குனிந்து, சாய்ந்து, வெளிச்சத்துக்கு எதிரே நின்று கோட்டைத் தேடினார். கிடைக்கவில்லை. பிறகுதான் பட்டையைப் பார்த்தார். மாமா கையைக் கட்டிக்கொண்டு நின்றார், நான் அவர் முதுகுக்குப் பின்னால் ஒதுங்கினேன்.

"இது என்னா?"

"டிசைன் மச்சான். நான்தான் போட்டேன்."

"கோணலா இருக்கு."

"கையால போட்டா அப்படித்தான் லா இருக்கும். நேரா இருந்தா ஸ்டிக்கர்னு நெனப்பாங்க."

அப்பா தலையிலிருந்த தொப்பியைக் கழற்றினார். "இத்தன வருசமா இந்தக் கதவ காலால தள்ளித்தான் மூடுறேன்" என்றார். "இனிமே முடியாது போலருக்கு." அதற்குள் திரும்பியிருந்த அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அப்பா காரில் ஏறி, அதை போர்ச்சிலிருந்து வெளியே எடுத்து, வெயிலில் வேப்பமரத்துப் பக்கம் நிறுத்திவிட்டு வந்தார். தீர்ப்பு அவ்வளவுதான். மாமா என்னைத் தூக்கி ஒரு சுற்று சுற்றினார், அம்மா எங்கள் இருவரையும் திட்டிக்கொண்டே கேசரி கிண்டினாள். அந்த மாதிரி ஒரு சனிக்கிழமை அதன்பிறகு எனக்கு வாய்க்கவில்லை.

அடுத்த வாரமே ஒரு லோரிக்காரர் வந்து, அதே பட்டை, அதே கோணலோடு வேண்டும் என்றார். பிறகு மோட்டார் டேங்குகள், ஹெல்மெட்டுகள், ஒரு ஸ்கூல் வேன். மாமா என் மூன்றாவது விரலின் சரிவை அச்செடுத்து வைத்துக்கொண்டு அடித்தார். எல்லாம் முனியாண்டி செய்தது, அதுவும் நான் சொல்லிச் செய்தது என்று பள்ளிக்கூடத்தில் பல வருஷம் பீற்றிக்கொண்டேன்.

போன வருஷம் நான் சொந்தமாகக் கார் வாங்கி, அப்பாவின் மகள் என்பதை நிரூபிக்கும்விதமாக மூன்றாம் நாளே ஒரு தூணில் உரசினேன். மாமா பிற்பாடு போட்ட டச்-அப் கடையில் நானே அடித்துப் பார்க்கிறேன் என்று அடம்பிடித்தேன். பாதியில் விரல் பட்டுப் பூச்சு கெட்டுவிட்டது. ஐயோ என்று நான் நிற்க, மாமா ஒரு துணியைப் பெயிண்ட் கரைக்கும் தின்னரில் நனைத்து ஒரே இழுப்பில் துடைத்தார். மறுபடி அடி என்றார். ஒரு மணி நேரத்தில் எல்லாம் முடிந்து, பட்ட இடம் தெரியவில்லை.

அன்றைக்கு அப்பா வர ஐந்து மணி நேரம் இருந்தது.

"அன்னிக்கு ஏன் மாமா என் பட்டைய தொடைக்கல?" என்று கேட்டேன். போர்ச்சே போயிருக்குமே என்றேன்.

"அன்னிக்கு தின்னர் தீந்துபோச்சு லா" என்றார், துணியை அலசிக்கொண்டே.

சரி என்று தலையாட்டிவிட்டேன். அந்தச் சனிக்கிழமை அப்பா காரை வெளியே எடுத்து நிறுத்திய பிறகு, ஊசி கழுவத் தின்னர் டின்னை எடுத்துக்கொடுத்தவள் நான். டின் நிறைய இருந்தது, இரண்டு கையாலும் தூக்க வேண்டியிருந்தது.