இரண்டாம் பதிப்பில் நீந்தியவள்

பதின்வயதுப் பிள்ளைகளுக்கு நாவல் எழுதுகிறவரிடம் அந்தப் பிள்ளைகளைத் தவிர மற்ற எல்லோரும் வந்து குறை சொல்வார்கள். பாடம் நடத்துகிறவர்கள், டியூஷன் எடுக்கிறவர்கள், பிள்ளைகளுக்கு வைத்தியம் பார்க்கிறவர்கள் ஆகியோருக்கு இந்தக் கஷ்டம் நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. நான் மயிலாடுதுறையில் தமிழ் டீச்சராக இருந்து, வேலையை விட்டுவிட்டு எழுத வந்தவள். இரண்டு நாவல்கள் வந்திருக்கின்றன. மூன்றாவது பாதியில் நிற்கிறது. அது ஏன் நிற்கிறது என்பது இதைப் படித்தால் புரியும்.

முயல்

முதல் நாவல் ‘மாலதிக்குக் கல்யாணம்’. பத்தாம் வகுப்பு முடித்த கையோடு மாலதியை மாமனுக்குக் கட்டிவைக்கிறார்கள். அவள் தப்பிக்கவில்லை. தஞ்சாவூரில் அச்சகமும் புத்தகக் கடையும் வைத்திருக்கும் ரபீக் பாய்தான் பதிப்பாளர். நல்ல மனிதர். படித்துவிட்டு அழுததாக போனில் சொன்னார். புத்தகம் கைக்கு வந்தபோது அட்டையில் ஒரு முயல் கேரட் தின்றுகொண்டிருந்தது.

பஸ் ஏறிப் போய், கதையில் முயலே கிடையாதே என்று கேட்டேன். அவர் டீ வரவழைத்துக் கொடுத்துவிட்டுப் பொறுமையாக விளக்கினார். இந்த மாதிரிப் புத்தகம் பெரியவர்கள் அலமாரியிலும் சேராதாம், குழந்தைகள் அலமாரியிலும் சேராதாம். எங்கே அடுக்குவது என்று புரியாமல் கடைக்காரர்கள் திருப்பி அனுப்பிவிடுவார்களாம். “பிள்ளைங்க புஸ்தகம்னா ஒரு முயலாவது இருக்கணும்மா. இல்லேன்னா வாங்க வர்றவங்க பயந்துடுவாங்க.”

பரீட்சை நேரம்

இரண்டாவது நாவல் ‘இடுப்பளவு தண்ணீர்’. கொள்ளிடத்தில் மணல் அள்ளிய பள்ளத்தில் ஒரு பள்ளிக்கூடத்துப் பெண் மூழ்கிப்போனதாகப் பேப்பரில் சின்னதாய் ஒரு செய்தி வந்திருந்தது. எங்கள் பக்கத்தில் இது புதிதல்ல. பார்த்தால் இடுப்பளவு தண்ணீர்தான் ஓடும். கொஞ்சம் தள்ளிக் கால் வைத்தால் தரை இருக்காது. நான் ஊரை மாற்றி, பெயரை மாற்றி, அவளுக்கு ஒரு சைக்கிளும் ஒரு தோழியும் கொடுத்து எழுதினேன். கடைசி அத்தியாயத்தில், நீச்சல் தெரியாத அந்தப் பெண் மூழ்கிவிடுகிறாள்.

பட்டுக்கோட்டைப் பக்கம் ஒரு பள்ளியில் அந்த நாவலைப் பற்றிப் பேசக் கூப்பிட்டார்கள். முடிவை மட்டும் சொல்லிவிடாதீர்கள் என்றார் தலைமையாசிரியர். கதையின் சஸ்பென்ஸைக் காப்பாற்றுகிறார் என்று நினைத்துச் சந்தோஷப்பட்டேன். பேசி முடித்ததும் ஒரு மாணவி எழுந்தாள். போன வருஷம் தன் அண்ணன் வாய்க்காலில் மூழ்கிப் போய்விட்டதாகச் சொல்லி, உங்கள் கதையில் அவள் பிழைத்துவிடுவாளா என்று கேட்டாள். நான் வாயைத் திறப்பதற்குள் தலைமையாசிரியர் மைக்கை வாங்கி நன்றியுரைக்கு ஆளைக் கூப்பிட்டுவிட்டார். அந்தப் பெண்ணைத் தேடினேன், வகுப்புக்கு அனுப்பியாயிற்று என்றார்கள். அந்தக் கேள்விக்காவது பதில் சொல்ல விட்டிருக்கலாமே என்று அவரிடம் கேட்டேன். அவருக்குக் கோபமெல்லாம் வரவில்லை. “பப்ளிக் எக்ஸாம் வருது மேடம். சாவெல்லாம் லீவுல வச்சுக்கலாம்ங்க.”

வசந்தா வந்தது

குறுவை நடவு நடந்துகொண்டிருந்த சமயம். ஒரு மத்தியானம் வாசலில் ஒரு அம்மாவும் ஒன்பதாவது படிக்கும் மகளும் நின்றார்கள். வசந்தா, காவ்யா என்று பெயர் சொன்னார்கள். ஊர்ப் பெயரைச் சொன்னதும் அவர்களை உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தேன். பேப்பரில் வந்த அதே ஊர். காவ்யா பள்ளி நூலகத்தில் என் நாவலை எடுத்துப் படித்திருக்கிறாள். பெயர் வேறாக இருந்தாலும், இது தன் அக்கா சுகன்யாதான் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. வீட்டுக்கு எடுத்துப் போய் அம்மாவுக்கு முழுவதையும் வாசித்துக் காட்டியிருக்கிறாள்.

மண்ணை வாரித் தூற்றப்போகிறார் என்று நினைத்தேன். அப்படி எதுவும் நடக்கவில்லை. நான் கொடுத்த தண்ணீரைக் குடிக்காமல் பக்கத்தில் வைத்துக்கொண்டு, கதையில் வரும் தோழி நிஜமா என்று விசாரித்தார். இல்லை என்றதும், அப்படி ஒருத்தி இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்றார். பிறகு சுகன்யாவைப் பற்றிச் சொன்னார். சின்ன வயதிலேயே அப்பா அவள் இடுப்பில் கயிறு கட்டி நீந்தப் பழக்கினாராம். தண்ணீர் நிறைய ஓடும்போதே அக்கரைக்குப் போய்த் திரும்புவாளாம். அன்றைக்குத் தங்கச்சியின் செருப்பு ஆற்றோடு போய்விட்டது, அதை எடுக்கத்தான் இறங்கினாளாம். இதைச் சொல்லும்போது காவ்யா தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

எழுந்து முந்தானையை உதறிச் செருகிக்கொண்ட பிறகுதான் வந்த காரியத்தைச் சொன்னார் வசந்தா. “விசாரிக்க வந்தவங்களும் நீச்சல் தெரியாத பொண்ணுன்னு எழுதிக்கிட்டுப் போயிட்டாங்க. நீங்களும் அப்படியே எழுதிட்டீங்க. எம் பொண்ணு நல்லா நீந்துவா டீச்சர்.”

லாரிக்காரர்

இரண்டாம் பதிப்புக்காகக் கடைசி அத்தியாயத்தை மறுபடி எழுத உட்கார்ந்தேன். நீச்சல் தெரியாத பெண் செத்தால், பாவம், விதி என்று ஊர் போய்விடும். தெரிந்தவள் செத்தால், பள்ளத்தைத் தோண்டியது யார் என்று கேட்க வேண்டி வரும். கேட்டேன். லாரிகளும் மணல் அள்ளும் எந்திரமும் பள்ளத்தை மூடாமல் போனவர்களும் கதைக்குள் வந்தார்கள். நீந்தும்போது பள்ளத்தின் ஓரம் சரிந்து மணல் அவள்மேல் விழுகிறது. ரபீக் பாய் அதை இரண்டு தடவை படித்தார். பிறகு அச்சுக்கு அனுப்பிவிட்டார். மணல்காரர்களைப் பகைத்துக்கொள்வதா என்று அவர் வீட்டில் சண்டை நடந்தது எனக்குப் பிற்பாடுதான் தெரியும்.

கும்பகோணம் புத்தகச் சந்தையில் வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர் எங்கள் கடைக்கு முன்னால் வந்து நின்றார். மணல் லாரி வைத்திருப்பவர் என்று பக்கத்துக் கடைக்காரர் மெதுவாகச் சொன்னார். ரபீக் பாய் நாற்காலியை விட்டு எழுந்து என் பக்கத்தில் வந்து நின்றுகொண்டார். வந்தவர் நாவலை எடுத்துப் பின்னட்டையைப் பார்த்தார், திரும்ப அதே இடத்தில் வைத்தார். மிரட்டத்தான் வந்தாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. குரலை உயர்த்தவே இல்லை. “எங்க வீட்டுப் பாப்பாவும் இதைப் படிச்சிருக்குதுங்க. நீச்சல் தெரிஞ்ச பொண்ணு எப்படிப்பா செத்துச்சுன்னு என்னையே கேக்குது. நான் என்னங்க பதில் சொல்றது?”

வசந்தாவின் வீட்டில்

புதுப் பதிப்பை எடுத்துக்கொண்டு நானே வசந்தா வீட்டுக்குப் போனேன். அவர் வாசலில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். காவ்யாவைக் கூப்பிட்டு, கடைசி அத்தியாயத்தை மட்டும் வாசி என்றார். அந்தச் செருப்பை நான் தங்கச்சியின் செருப்பாக எழுதவில்லை. தன் செருப்பை எடுக்கத்தான் அவள் ஆற்றில் இறங்குகிறாள். அந்த இடம் வந்ததும் காவ்யா நிறுத்தி என்னைப் பார்த்தாள். பிறகு மேலே வாசித்தாள்.

கதையில் அவள் கையை வீசி, மூச்சை அடக்கி, செருப்பை எட்டிப் பிடிக்கிறாள். கரையில் இருப்பவர்களுக்கு அதைத் தூக்கிக் காட்டிவிட்டுத் திரும்பி நீந்துகிறாள். கீரை உருவிய கை அப்படியே நின்றது. வசந்தாவின் முகத்தில் சிரிப்பு என்று சொல்ல முடியாத ஏதோ ஒன்று வந்தது. இன்னும் ஒரே ஒரு பக்கம் பாக்கி, அதில்தான் மணல் சரியும். காவ்யா தாளைப் புரட்டப் போனாள், அம்மா கையை நீட்டித் தடுத்தார். “போதும் காவ்யா. நீந்திக்கிட்டுதானே இருக்கா, அதோட நிறுத்து.”

மூன்றாவது நாவலை, என்ன முடிவு வைப்பது என்று தெரியாமல் அப்படியே நிறுத்தி வைத்திருக்கிறேன். நாவலின் முடிவுக்காக நாம் மாதக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொள்கிறோம், யாருக்காக எழுதினோமோ அவர்கள் அதற்கு ஒரு பக்கம் முன்னாலேயே புத்தகத்தை மூடி வைத்துவிடுகிறார்கள்.